உழைச்செல்வார் பாட்டு

மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் குப்பியும் குளிகையும் ஊசியும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. அடுத்து, அவற்றைத் தரும் மருத்துவர் தோன்றுகிறார். திருவள்ளுவர் இவ்விரண்டோடு அமைந்தாரல்லர். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை அவர் நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நோயாளியின் அருகிலிருந்து வேண்டுவன செய்பவன் நான்காம் கூறு. இந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்றால் பக்கம். இக்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இலக்கணம் வகுத்த பரிமேலழகர், உழைச்செல்வானுக்கு உரியவற்றுள் முதலாவதாக எண்ணியது நோயாளியிடத்து அன்புடைமையையே. அறிவுடைமையைக்கூட அதற்குப் பின்னரே வைத்தார்.

நோயுற்றது ஒரு சிறு குழந்தையாயின், இந்த நான்காம் கூறாக நிற்பவர் யாவர்? தாய், தந்தை, பாட்டி, உடன்பிறந்தார். மருத்துவர் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து செல்வார். செவிலியர் குறித்த நேரத்தில் வருவர். இரவும் பகலும் கட்டிலின் கால்மாட்டில் இருப்பவர்கள் வீட்டாரே. ஆயினும் நோய் கடியதாக ஆக ஆக, அவர்கள் கைகள் வறியவாகி விடுகின்றன. நேற்றுவரை சோறூட்டிய கை அது. தலைவாரிப் பூச்சூட்டிய கை அது. இன்று உணவைக் குறிப்பவர் ஒருவர். மருந்தை ஏற்றுபவர் மற்றொருவர். சில நோய்களில் குழந்தையைத் தொடுவதற்கும் இசைவு பெறவேண்டும். இந்நிலையில் ஒரு தாய்க்குத் தன்னுடையதாக எஞ்சுவது அவள் குரல் ஒன்றே. அக்குரலால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதைப் பற்றியே இங்குக் கூற விழைகின்றேன்.

இசைகொண்டு நோயாளியைப் பேணுதல் தமிழர்க்குப் புதியது அன்று. அரிசில் கிழார் பாடிய புறநானூற்று 281-ஆம் செய்யுளைப் பாருங்கள். தன் வேந்தனுக்கு வந்த இடரைத் தான் ஏற்றுப் பொருத வீரன் ஒருவன் புண்பட்டு மனையில் கிடக்கின்றான். வீட்டுப் பெண்ணொருத்தி தன் தோழியை அழைக்கின்றாள். இரவ மரத்தின் தழையையும் வேப்பந்தழையையும் மனையில் செருகுவோம், யாழும் பிற கருவிகளும் ஒலிக்கட்டும், மையிழுதைப் பூசுவோம், வெண்சிறுகடுகைத் தூவுவோம், ஆம்பற்குழல் ஊதுவோம், மணியை ஒலிப்போம், காஞ்சிப்பண் பாடுவோம், நறும்புகை எழுப்புவோம், இவ்வாறு அவன் புண்ணைக் காப்போம், வா என்பது அவள் அழைப்பு.

பேயும் பிறவும் புண்ணை அணுகாமல் காப்பதற்காகச் செய்த சடங்கு இது என்று நீங்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை அச்செய்யுளைப் படியுங்கள். வேம்பும் மையும் பாட்டும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்பட்டுள்ளன. பாட்டு, மருத்துவம் முடிந்த பிறகு பொழுதுபோக்குக்காக வந்து சேர்ந்ததாக இல்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. அங்கே பாடவந்தவர் பாணர் அல்லர், வீட்டுப் பெண்டிரே. புண்பட்டவனைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியவளுக்குச் செய்தற்கு எத்தனை தொழில்கள் இருக்கின்றன! தழை செருகுவது ஒருமுறை. மை பூசுவது சிலமுறை. பாட்டோ இரவு முழுவதும் செய்யக்கூடியது. அவனைக் காக்கின்ற அந்தப் பாட்டு அவளையும் உடைந்துபோகாமல் காத்தது என்றே நான் கருதுகின்றேன்.

இனி எங்கள் ஊராகிய திருவண்ணாமலைக்கு வருவோம். இம்மலையைத் திருஞானசம்பந்தர் இரண்டு பதிகங்களாலும் திருநாவுக்கரசர் மூன்று பதிகங்களாலும் பாடினர். மாணிக்கவாசகர் இங்குத் தங்கியிருந்த காலத்தில் திருவெம்பாவையையும் திருவம்மானையையும் அருளினார். வடமொழியில் கீர்த்தனம் செய்த முத்துசுவாமி தீட்சிதரும் ஐம்பூதத் தலங்களைப் பாடியபோது அண்ணாமலையாரைச் சாரங்க இராகத்தில் பாடினார். அருணகிரிநாதர் வாழ்ந்ததும் இவ்வூரே. திருத்தணிகை முருகனை நோக்கி அவர் பாடிய திருப்புகழ் ஒன்றில், இருமல் தொடங்கிப் பல நோய்களை வரிசையாகப் பெயர் சொல்லி அழைத்து, எப்பிறவியிலும் இவை என்னை நலியாதிருக்கவேண்டும் என்று வேண்டுகின்றார். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அப்பாட்டை ஓதும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. அச்சந்தத்தின் துள்ளலில், அச்சமூட்டும் நோய்ப்பெயர்கள் எல்லாம் ஆடிவரும் சிறுவரைப்போல் ஆகிவிடுகின்றன. பெயர் சொல்ல அஞ்சும் நோயைப் பாட்டில் வைத்துப் பெயர் சொல்லிவிட்டால் பாதி அச்சம் போய்விடும். அருணகிரியார் இதனை அறிந்தே செய்தார் என்று நான் சாதிக்க மாட்டேன். அவ்வாறு நிகழ்வதைக் கண்டிருக்கின்றேன் என்பதை மட்டும் சொல்வேன்.

திருவம்மானையைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். அம்மானை என்பது பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்து ஆடும் ஆட்டம். காய் மேலே போய் இறங்குவதற்கும் பாட்டின் அடி முடிவதற்கும் காலம் ஒத்துவரும். உந்தி பறத்தல், ஊசல், தோள் வீச்சு என்று மாணிக்கவாசகர் கையாண்ட வடிவங்கள் பல, விளையாட்டிலிருந்து எடுத்தவை. சிறுவர்க்குப் பாட்டு வேறு, ஆட்டம் வேறு என்பது இல்லை. கையில் ஒன்றைக் கொடுத்தால்தான் வாயில் பாட்டு வரும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

நோயுற்ற குழந்தைக்குப் பாடிய பாட்டு என்றவுடன் சைவ உலகம் நினைப்பது திருப்பாச்சிலாச்சிராமத்தை. திருச்சிராப்பள்ளிக்கு அருகே இன்று திருவாசி என வழங்கும் ஊர் அது. கொல்லி மழவன் என்னும் தலைவனின் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. மருத்துவம் எதுவும் பயன்தராமையால் அவளைக் கோயிலில் இறைவன் திருமுன் கிடத்தி வருந்தியிருந்தான் தந்தை. அவ்வூர்க்கு எழுந்தருளிய ஞானசம்பந்தர் அவள் நிலையைக் கண்டு இரங்கித் தக்கராகப் பண்ணில் ஒரு பதிகம் பாடினார். நோய் நீங்கிற்று. சேக்கிழார் இதனைச் சொல்லும்போது, எழுந்த அப்பெண் அடியார் கூட்டத்தை நோக்கியோ பாடிய பெருமானை நோக்கியோ வந்தாள் என்னவில்லை. பொற்கொடிபோல் தளர்ந்து நடந்து தன் தந்தையின் பக்கத்தை அடைந்தாள் என்கிறார். மகளைத் தந்தையிடம் சேர்த்ததில் அப்பாட்டு நிறைவுற்றது.

அருளாளர் செய்த இச்செயலைச் சான்றாகக் காட்டி, இன்ன நோய்க்கு இன்ன இராகம், இத்தனை நிமிடம், நாளுக்கு இத்தனை வேளை என்று பட்டியலிட்டு விற்பாரை நாம் காண்கின்றோம். ஒரு பண்ணைக் கேட்டால் நீரிழிவு நீங்கும் என்பர். வேறொன்றைக் கேட்டால் கட்டி கரையும் என்பர். இதனை நான் ஏற்பதில்லை. சேக்கிழார் நோய் நீங்கியதற்குத் தக்கராகத்தைக் காரணமாகக் கூறவில்லை, திருவருளைக் கூறினார். திருவருளைப் புட்டியில் அடைத்துச் சீட்டு ஒட்ட யாருக்கு உரிமை உண்டு? பாட்டை நம்பி ஊசியை விட்டவர்களும், பட்டியலை நம்பிக் காலத்தைக் கடத்தியவர்களும் இழப்பது தங்கள் பணத்தை மட்டும் அன்று. ஒரு குழந்தையின் உயிரை. முத்துசுவாமி தீட்சிதர், வயிற்றுநோயால் வருந்திய தம் மாணவர் சுத்த மத்தளம் தம்பியப்பருக்காக வியாழனைப் போற்றும் கீர்த்தனத்தை இயற்றினார் என்பது செவிவழிச் செய்தி. அச்செய்தியிலும் என்னைக் கவர்வது ஒன்றே. ஆசிரியர் அதை மாணவரைக் கேட்கச் செய்யவில்லை, பாடச் செய்தார்.

இங்கே, இன்று உலகில் இசை மருத்துவம் என்ற பெயரால் நிகழ்வதையும் நீங்கள் அறியவேண்டும். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்கள் நிறைந்த அமெரிக்க மருத்துவமனைகளில் இசைவாணர் பலர் சென்று பாடினர். பாடுவதற்கு நல்ல குரல் மட்டும் போதாது, நோயின் இயல்பும் மனத்தின் இயல்பும் தெரியவேண்டும் என்பது அங்கே விளங்கிற்று. 1944-இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இதற்கெனப் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றது. 1950-இல் அந்நாட்டில் இத்தொழிலார்க்கென ஒரு சங்கம் அமைந்தது. இங்கிலாந்தில் 1958-இல் ஜூலியட் ஆல்வின் என்னும் செல்லோ இசைக்கலைஞர் இத்தகைய சங்கம் ஒன்றை நிறுவினார். அதற்கு அடுத்த ஆண்டு பால் நார்டாஃப் என்னும் இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்னும் ஆசிரியரும் குறைபாடுடைய குழந்தைகளோடு சேர்ந்து இசைக்கத் தொடங்கினர். 'குழந்தைகளுக்கு இசைத்தனர்' என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். குழந்தை கொட்டும் முரசின் போக்கிலேயே நார்டாஃபின் பியானோ சென்றது. வழிகாட்டுவது குழந்தை; பின்செல்வது பெரியவர்.

இவ்வழியில் பயின்றவர் நோயுற்ற குழந்தையின் அறைக்குள் சென்று முதலில் செய்வது பாடுவது அன்று, கவனிப்பது. மூச்சு எவ்வளவு விரைவாக ஓடுகிறது, கண் எங்கே செல்கிறது, கை எதைப் பற்றியிருக்கிறது என்று பார்ப்பர். மூச்சின் வேகத்துக்கு ஏற்பத் தாளத்தைத் தொடங்கிப் பின் சிறிது சிறிதாகத் தளர்த்துவர். மூச்சும் அதனோடு தளரும். நடப்பவன் தன்னோடு வருபவன் அடியைத் தன்னையறியாமல் ஒத்து நடப்பதில்லையா, அதுபோன்றது இது. வலி மிகும்போது மனத்துக்குப் பற்றிக்கொள்ள மற்றொன்றைத் தருவதும் பாட்டின் தொழில். வலி எங்கும் போய்விடுவதில்லை. மனத்தின் முழு இடத்தையும் அதனால் பிடித்துக்கொள்ள முடிவதில்லை.

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிக் கூறுவேன். ஜோவன் லோவி என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில், நிறைமாதத்துக்கு முன் பிறந்த 272 குழந்தைகளிடம் இதனைச் செய்தனர். அக்குழந்தைகள் கருவறையின் இருளிலிருந்து பொறிகளின் ஒலி நடுவே வந்து விழுந்தவர்கள். அவர்களுக்குத் தாயின் கருவறையில் கேட்கும் ஒலியைப் போன்ற ஓசை எழுப்பும் கருவி ஒன்றையும், இதயத்துடிப்பைப் போல் மெல்ல ஒலிக்கும் மரப்பெட்டி ஒன்றையும், பெற்றோர் விரும்பித் தேர்ந்த பாட்டைத் தாலாட்டாக மாற்றிப் பாடுவதையும் பயன்படுத்தினர். குழந்தைகளின் நெஞ்சத்துடிப்பு நிதானப்பட்டது. பால் பருகுதலிலும் உறக்கத்திலும் நன்மை தெரிந்தது. இவற்றோடு, பெற்றோரின் மனக்கலக்கமும் குறைந்தது. பயன்படுத்திய பாட்டுகளுள் பலவும் தாலாட்டாகப் பிறந்தவை அல்ல. ஒரு குடும்பம் தன்னுடையது என்று பாராட்டிய பாட்டே தாலாட்டாக ஆக்கப்பட்டது. தாயின் குரலைக் குழந்தை பிறந்த பின் புதிதாகக் கேட்பதில்லை. கருவில் இருக்கும்போதே கேட்டுப் பழகியது என்பது இன்று ஐயமற அறிந்த செய்தி.

2014-இல் மற்றோர் ஆய்வு வந்தது. குருதியணுக்களை ஆக்கும் மூலஅணுக்களை மாற்றிப் பொருத்தும் கடுமையான மருத்துவத்துக்கு உள்ளான 113 இளைஞர்கள் அதில் பங்குகொண்டனர். அவர்கள் 11 முதல் 24 வயது வரை உள்ளவர்கள். ஒரு பகுதியினர் இசை மருத்துவர் துணையோடு தாமே பாட்டெழுதிப் பாடிப் படமாக்கினர். அவர்களிடம் நோயைத் துணிவோடு எதிர்கொள்ளும் திறம் மிகுந்தது. வீட்டாரோடு அவர்கள் உறவும் நன்கு அமைந்தது. மாணவர்களே, அவர்களுட் சிலர் உங்கள் வயதினர்.

ஏட்டில் கண்டதை இதுவரை சொன்னேன். என் கண்ணால் கண்டதையும் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கின்றாள். மாலையில் என்னிடம் தேவாரமும் திருவாசகமும் ஓத வரும் சிறாருள் அவளும் ஒருத்தி. திருவம்மானையைக் கற்பித்தபோது, காய் இல்லாமல் பாட்டு எப்படி என்று கேட்டு, மூன்று புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்தவள் அவளே. அவளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. தக்க மருத்துவம் தக்க காலத்தில் கிடைத்தால் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைத்து எழக்கூடிய வகையைச் சேர்ந்த நோய் அது. ஆனால் அம்மருத்துவம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூருக்கு அவளைக் கொண்டுசென்றார்கள். தந்தை வேலையை விடமுடியாமையால் தாயும் பாட்டியும் உடன் தங்கினர்.

அம்மூதாட்டி தண்டராம்பட்டுப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர், எழுத்தறியாதவர். அப்பகுதி மேட்டுநிலம், நிலக்கடலை விளைவது. எங்கள் பக்கத்தில் அதனை மல்லாட்டை என்போம். பெண்கள் கூடி மல்லாட்டை உரிக்கும்போது, உரித்த பருப்பை அளந்து எண்ணிப் பாடுவது ஒன்று உண்டு. முதல் மரக்கால் இன்னாருக்கு, இரண்டாம் மரக்கால் இன்னாருக்கு என்று எண் ஏறிக்கொண்டே போகும். பாடுபவர் வேண்டியவர் பெயரை இடையில் வைத்துக்கொள்ளலாம். மாமியாருக்குச் சொத்தையும் கொழுந்தனுக்குத் தோலும் போகும். பேத்திக்கு அப்பாட்டு மிகவும் விருப்பம்.

எங்கள் வட்டாரத்தில் பாட்டியை ஆயா என்றே அழைப்பது வழக்கம். மருத்துவமனையிலோ ஆயா என்றால் பணிப்பெண். சிறுமி வலியில் "ஆயா, ஆயா" என்று கூவியபோதெல்லாம் பணிப்பெண் ஓடிவருவாராம். இரண்டு நாள் ஓடிவந்து பார்த்த பின், அவர் அங்கேயே உட்கார்ந்து பாட்டைக் கேட்கத் தொடங்கினாராம்.

கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றும் வேளைதான் அச்சிறுமிக்குப் பெருங்கொடுமை. பலமுறை குத்தியதால் நரம்பு எளிதில் அகப்படாது. ஊசித்தட்டைக் கண்டவுடன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். ஒருநாள் பாட்டி தம்மை அறியாமலே அந்த மரக்கால் பாட்டைத் தொடங்கினார். சிறுமி அழுகையை நிறுத்தவில்லை; ஆயினும் காது கொடுத்தாள். மறுமுறை, "ஐந்தாம் மரக்கால் வந்த பிறகே குத்தவேண்டும்" என்று செவிலியிடம் அவளே சொன்னாள். செவிலி நல்லவர், காத்திருந்தார். அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. எண்ணுவதும் அவளே, கையை நீட்டுவதும் அவளே. இடக்கையால் எவர்சில்வர்க் குவளையைத் தட்டிக்கொண்டு, வலக்கையை நீட்டுவாள். முதல் மரக்கால் மருத்துவருக்கு. சொத்தை முழுவதும் ஊசிக்கு. உடம்பில் நிகழ்வது ஒன்றும் தன் வயத்தில் இல்லாத குழந்தைக்கு, ஊசி எப்பொழுது வரலாம் என்ற அந்தச் சிறு ஆட்சி கிடைத்தது. முறையாகப் பயின்ற இசை மருத்துவர்கள் வலிமிகுந்த வேளைகளில் செய்வதும் ஏறத்தாழ இதுவே என்று பின்னர்ப் படித்தறிந்தேன்.

தாயைப் பற்றிச் சொல்லவில்லையே! நோயின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து அவள் வாய் மூடிவிட்டது. வேண்டியதைச் செய்வாள், பேசமாட்டாள். மகள் முன் அழுதுவிடுவோமோ என்ற அச்சமே காரணம் என்று நினைக்கின்றேன். பாட்டிக்குக் காய்ச்சல் வந்து படுத்த ஒருநாள் ஊசித்தட்டு வந்துவிட்டது. சிறுமி தாயின் முகத்தைப் பார்த்தாள். அவள் தயங்கித் தயங்கி முதல் மரக்காலைத் தொடங்கி, இரண்டாவதைச் சொல்லி, மூன்றாவதை விட்டு நான்காவதற்குப் போய்விட்டாள். "அம்மா, மூன்றாம் மரக்கால் இன்னும் அளக்கவில்லையே" என்று திருத்தினாள் மகள். பல நாட்களுக்குப் பின் தாய் சிரித்தது அப்பொழுதுதான் என்று பாட்டி என்னிடம் சொன்னார். சிரித்தபின் அழுதாளாம், அழுதபின் நான்காவதையும் ஐந்தாவதையும் பிழையின்றிச் சொன்னாளாம்.

இடையிடையே ஊருக்கு வரும்போது, முகத்தை மூடிக்கொண்டு அவர்கள் திண்ணையில் சிறிது எட்டியே அமர்ந்து நான் ஓதுவதுண்டு. நோய்த்தடுப்பு ஆற்றல் குன்றியிருக்கும் குழந்தையிடம் கூட்டம் சேர்ப்பது தகாது. திருப்பாச்சிலாச்சிராமப் பதிகத்தை அவள் சில நாள் கேட்பாள். பல நாள் மரக்கால் பாட்டையே கேட்பாள். பாட்டை எனக்கும் சொல்லித் தரவேண்டும் என்று பாட்டியிடம் கேட்டேன். "ஐயா, இது படிச்சவங்க பாட்டு இல்லீங்களே" என்று நாணினார். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பதிகத்தின்மேல் பற்று மிகுதிதான். எனினும், நோயாளிக்கு ஏற்ற பாட்டு எது என்று தீர்ப்பளிக்கும் உரிமை நோயாளிக்கே உண்டு. இன்று எனக்கு ஏழு மரக்கால் வரை தெரியும்.

பாட்டினால் எல்லாம் கூடும் என்று இதனால் கருதிவிடாதீர்கள். முன்பிறந்த குழந்தைகளைக் குறித்தே அண்மையில் ஐந்து நாடுகளில் 213 குடும்பங்களிடம் ஆராய்ந்தார்கள். பெற்றோர் பாடுவதற்கு இசை மருத்துவர் மருத்துவமனையில் துணைநின்றதனால், தாய்க்கும் குழந்தைக்கும் இடையேயுள்ள பிணைப்பு, அத்துணை பெறாத குடும்பங்களைவிட மிகுந்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அம்முடிவை மறையாமல் வெளியிட்டார்கள். எந்த அளவையில் எதை அளப்பது என்பதே இன்னும் தெளிவாக வேண்டியிருக்கிறது. குவளையைத் தட்டும் கையை எந்த மரக்காலில் அளப்பது?

ஒலி மிகுந்தால் தீமை என்பதும் உறுதி. பிறந்த குழந்தைகளைத் தீவிரமாகப் பேணும் அறையில் ஓசை 45 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1997-லேயே அறிவுறுத்தியது. மெல்லப் பேசும் பேச்சின் அளவுகூட அது இராது. திருவிழாக் காலத்தில் எங்கள் மாட வீதிகளில் ஒலிபெருக்கி கட்டுவோர் இதனைப் படித்தால் நன்று; அவ்வீதிகளிலும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைகள் உண்டு. அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைத் திணித்து, அதில் பாட்டு ஓடுகிறதே என்று அமைதி கொள்வதும் இசை மருத்துவம் ஆகாது. கருவி, குழந்தையின் மூச்சைக் கேட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. மூன்றாம் மரக்காலை விட்டுவிட்டுத் திருத்தம் பெறுவதும் இல்லை.

நம் நாட்டில் இத்துறையைக் கற்பிக்கும் இடங்கள் மிகச் சிலவே. எங்கள் ஊரிலிருந்து 100 கிலோமீட்டர் அளவிலுள்ள புதுச்சேரியில், மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சார்ந்து இசை மருத்துவக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு மையம் 2010-இல் ஏற்பட்டது. முனைவர் சுமதி சுந்தர் அம்மையார் அதனை முன்னின்று நடத்தினார். மருத்துவரும் இசைவாணரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பேசுவதற்கு நம் பகுதியிலேயே இடம் வாய்த்தது பெரிதும் மகிழத்தக்கது. ஆயின் மாவட்டந்தோறும் உள்ள குழந்தை நோயாளிகளை எண்ணிப் பார்த்தால், பயின்றவர் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத வீடுகளே மிகுதி. அவ்வீடுகளில் ஆயாக்கள் இருக்கின்றார்கள்.

எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. இதனைச் சொல்லாமல் விடுவது உங்களை ஏமாற்றுவதாகும். மருந்து செய்யக்கூடியது முடிந்துவிட்ட பின்னும் உழைச்செல்வானின் தொழில் முடிவதில்லை. அமெரிக்காவில் சில குழந்தை மருத்துவமனைகளில், பிழைக்க வழியில்லாத குழந்தையின் இதயத்துடிப்பை இசை மருத்துவர் பதிவு செய்கிறார். குழந்தை விரும்பிய பாட்டை, அத்துடிப்பையே தாளமாக வைத்து அமைத்துப் பெற்றோரிடம் தருகிறார். உடன்பிறந்தவரும் அதில் சேர்ந்து பாடுவதுண்டு. குழந்தை போனபின் ஒலிப்பது அத்தாளம்.

தமிழ்ப் பெண்கள் தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே வாயால் பாடுவர். இரண்டிலும் உறவுமுறை சொல்லி அழைப்பது உண்டு. இரண்டிலும் பாடுபவள் அப்பொழுதே சொல் கட்டுவாள். கிராமத்தில் இரண்டையும் நன்றாகப் பாடத் தெரிந்தவள் பெரும்பாலும் ஒருத்தியாகவே இருப்பாள். தண்டராம்பட்டுப் பாட்டிக்கும் இரண்டும் தெரியும். ஒப்பாரியை எனக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். பேத்தி மருந்துண்ணும் வீட்டில் அதை வாயெடுத்துச் சொல்லலாகாது என்றார். பிறகு முறத்தை இழுத்துவைத்து, எட்டாம் மரக்காலைச் சொல்லத் தொடங்கினார்.